லைன் கரண்டைக் குடித்த பெட்டி

எங்கள் வீட்டு டெலிபோனில் மணி அடிப்பதற்கு முன்பே, அழைப்பது யாரென்று தெரிந்துவிடும் ஒரு காலம் இருந்தது. டெலிபோனை ஒட்டி உட்கார்ந்திருந்த சின்னப் பெட்டியில் எண்கள் ஒவ்வொன்றாக ஓடிவந்து வரிசையில் நிற்கும். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் மணி அடிக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. இன்னும் அடிக்காத மணி யாருக்காக அடிக்கப்போகிறது என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்பதை நினைத்து நினைத்துப் பள்ளிக்கூடத்தில் பல பாடங்களைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. ராஜபாளையத்தில் காலர் ஐடி என்ற பேச்சு அப்போதுதான் அடிபட ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம், அதற்காக வீட்டில் டெலிபோன். சித்தப்பா ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். வீட்டில் அவர் கழற்றிப் பார்க்காத பொருள் இல்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணியாவது மிஞ்சும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இது தேவையில்லாத ஸ்குரு, மதினி" என்று அம்மாவிடம் சொல்வார். அந்தத் தேவையில்லாத திருகாணிகள் துவைக்கும்போது கல்லில் விழுந்து சத்தம் போடும்.

பெட்டி முதலில் பென்சில் பேட்டரியில் ஓடியது. பேட்டரி தீரத் தீர எண்கள் அரைகுறையாகத் தெரியும். எட்டு மூன்றாகும், ஒன்பது நான்காகும். அப்படி எண் மாறித் தெரிந்த ஒருநாள், அப்பா தன் தறிக்காரன் என்று நினைத்துத் தன் மாமனாரை "ஏலே, எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டுவிட்டார். அம்மா சோற்றுப்பானையைக் கொஞ்சம் பலமாக இறக்கிவைத்தாள். அன்றைக்குத்தான் சித்தப்பா பெட்டியைக் கழற்றினார்.

"டெலிபோன் லைன்லயே கரண்டு இருக்குண்ணே. நம்ம வீட்டுல கரண்டு போனாலும் அது போவாது. எக்சேஞ்சுல பெரிய பெரிய பேட்டரியா வச்சிருக்கான். அதுல ஒரு துளி எடுத்துக் குடுத்தாப் போதும், பொட்டி ஆயுசுக்கும் ஓடும்."

"திருட்டுக் கரண்டாலே?" என்றார் அப்பா.

"சும்மா நிக்குத கரண்டுதான. அதக் குடிச்சா யாருக்கு என்ன?"

வேலை முடிந்ததும் தெருமுனை டெலிபோன் பூத்திற்கு ஓடிப்போய் அங்கிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். பேட்டரி இல்லாத பெட்டியில் எண்கள் முழுசு முழுசாக வந்து நின்றன. மணியும் அடித்தது. அப்பாவே லேசாகத் தலையை ஆட்டினார்.

குடிக்கிறது என்ற அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. லைனில் ஓடுவது பேச்சுதானே? அப்படியென்றால் பெட்டி குடிப்பது பேச்சைத்தான் என்று முடிவுகட்டினேன். அம்மா தன் ஊருக்குப் பேசினால் பெட்டிக்கு வயிறு நிறையும். அப்பா வியாபாரிகளிடம் சத்தம் போட்டால் பெட்டிக்குக் காரமாக இருக்கும். தெருவில் டெலிபோன் கம்பத்தில் காதை வைத்தால் உள்ளே 'உம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். சேத்தூர், தளவாய்புரம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களெல்லாம் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் அது என்று நம்பினேன். மேற்கே மலையில் மேகம் இறங்கி, சாரல் காற்று வீசும் நாட்களில் கம்பத்தின் பேச்சு கூடும். நான் காதை எடுக்காமல் நின்றுகொண்டே இருப்பேன். யாராவது வந்து இழுத்துப் போகவேண்டும்.

பெரும்பாலும் இழுத்துப் போனவள் அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. தளவாய்புரத்து வியாபாரி ஒருவருக்காக வீட்டிலேயே நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனால்தான் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க முடியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்ப்பார்கள். அத்தையைப் பார்க்க வந்தவர்கள் பலர். பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டார்கள். நகையைப் பற்றிக் கேட்டார்கள், வயசைப் பற்றி இரண்டு தடவை கேட்டார்கள். "ஊருக்குப் போயிட்டு போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் யாரும் வேண்டாம் என்று நேராகச் சொல்வதில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். அதுகூடச் சொல்ல வாய் வராத பெண் வீட்டார், ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். கூப்பிடுகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கேஜ் சத்தமே கேட்கும். இரண்டு நாள் அப்படிக் கேட்டால் விஷயம் புரிந்துவிடும். பிறகு கோவிலில் பார்த்தாலும் இரு வீட்டாரும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம், மனத்தாங்கல் இருக்காது. எங்கள் வீட்டிலும் ஒரு குடிகார மாப்பிள்ளைக்கு அப்பா இந்த மரியாதையைச் செய்திருக்கிறார்.

அந்த ஆனி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பால்கோவா அடுப்பு. புறங்கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. சட்டையிலிருந்து பால் சுண்டும் வாசனை வந்தது. எனக்கு ஓலைப்பெட்டியில் பால்கோவா கொண்டுவந்திருந்ததால் என் சம்மதம் உடனே கிடைத்துவிட்டது. அவர் நகையைப் பற்றிக் கேட்கவில்லை. மூலையிலிருந்த தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற நேரத்தில், "மெஷினையும் கொண்டு வரச் சொல்லுங்க. எங்க வீட்டுல சன்னலோரம் எடம் கெடக்கு, நல்ல வெளிச்சம்" என்றார், யாருக்கு என்று இல்லாமல்.

அத்தை உள்ளறையில் நின்றாள். எவ்வளவோ பேர் வந்து போயிருக்கிறார்கள், அவள் முகத்தில் அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் முழுக்க மெஷினில் நூலே கோக்காமல் சும்மா மிதித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மாவுக்குக் கண்ணு ஆப்ரேசன் இருக்கு. அத முடிச்சிட்டு நாள் குறிச்சு போன் பண்றோம். ஆடி பொறக்கிறதுக்குள்ள பூ வச்சிரணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் எதையும் பேசமுடியாது. ஆவணி வரை எந்த மாப்பிள்ளை வீடும் காத்திருக்காது. ஆகவே எல்லாம் அந்த ஒரு போனில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் பெண் வீட்டார் போய்க் கேட்பதா? மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தடவை வருவதா? அந்த அரை மணி நேரத் தூரத்தை இரு பக்கத்திலிருந்தும் யாரும் கடக்க முடியாது.

அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். இதற்கு முன்னால் வந்த போன்களையெல்லாம் எடுத்தவர் அப்பா. ஒன்றும் கூடிவரவில்லை. "உங்க கை ராசி போதும். இந்த போன நான்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டாள். அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அம்மா பெரும்பாலும் இருப்பது அடுப்படியில். பெட்டியின் எண்களோ சாம்பல் நிறத்தில் குட்டி குட்டியாக இருக்கும், பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் தெரியும். மணி அடித்து, அம்மா ஓடிவந்து, குனிந்து பார்ப்பதற்குள் அப்பா பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டால்?

"கவலைப்படாதீக மதினி. அடுப்படியில நின்னே நம்பர் தெரியுற மாதிரி பண்ணுதேன்" என்றார் சித்தப்பா.

பெட்டியை மறுபடி கழற்றி, எண்களுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பச்சை விளக்கை வைத்தார். அதற்கும் லைனிலிருந்தே கரண்டு. மூடியதும் பெட்டி முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. நான் வாயைத் திறந்தவள் மூடவில்லை. "எக்சேஞ்சுக்காரன் புண்ணியத்துல எரியுது. பில்லும் கெடையாது" என்று சித்தப்பா கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பூத்துக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டுப் பார்க்க இந்த முறை அம்மா விடவில்லை. நாம் சோதிக்கிற நேரத்தில் அவர்கள் கூப்பிட்டுவிட்டால்? அன்றிலிருந்து போனை யாரும் தொடக்கூடாது என்று சட்டம். பேச வேண்டியவர்கள் பூத்துக்குப் போய்ப் பேசவேண்டும்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு வீடு முழுக்கப் பச்சையாகத்தான் இருந்ததாகத் தோன்றுகிறது. மலைப்பக்கம் மூடாக்கு போட்டிருக்கும். மத்தியானமே வீட்டுக்குள் இருட்டிவிடும். கரண்டு போனால் காற்றாடி நின்று, தெருவில் பவர்லூம் சத்தமும் நின்று, உலகமே வாயை மூடிக்கொண்டதுபோல் இருக்கும். பெட்டி மட்டும் எரிந்துகொண்டிருக்கும். முதல் நாள் பளிச்சென்றிருந்த வெளிச்சம் பிறகு மங்கி, குளத்தடியில் தெரியும் வெயில்போல் ஆகிவிட்டது. யாரும் பேசாததால் பெட்டி பட்டினி கிடக்கிறது என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. வாயைப் பக்கத்தில் கொண்டுபோய் என் பாடத்தை ஒப்பிப்பேன்.

அத்தையும் அந்த வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நைட்டிக்குப் பட்டன் வைத்துக்கொண்டே, "அந்த சன்னல் கெழக்கப் பாத்து இருக்குமா, மேக்கப் பாத்து இருக்குமா?" என்று என்னிடம் கேட்பாள். எந்தச் சன்னல் என்று நான் கேட்கவேண்டியதில்லை. கிழக்கு என்றால் காலையில் தைக்கலாம் என்பாள். மேற்கு என்றால் மலை தெரியும் என்பாள். இரண்டுமே அவளுக்குச் சம்மதம்தான். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

போன் அடிக்கவில்லை. ஒருநாளும் அடிக்கவில்லை. வியாபாரிகளிடமிருந்துகூடப் போன் வராததைப் பார்த்து, ஆனி மாதம் துணி மந்தம் என்று அப்பா சொல்லிக்கொண்டார். அம்மா கண் ஆப்ரேஷனுக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெருவில் இருந்தவர்களையெல்லாம் விசாரித்தாள்.

பிறகு அப்பா சரக்கு விஷயமாக மதுரைக்குப் போனார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம்.

"காலையில இருந்து பூத்துல நிக்கேன், எங்கேஜு எங்கேஜுன்னே வருது. யார்கிட்ட இம்புட்டு நேரம் பேசுத?"

"நானா? அந்தச் சனியன நான் தொட்டு எம்புட்டு நாளாச்சு!"

இருவரும் ஒரே நேரத்தில் போனைப் பார்த்தார்கள். அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். எப்போதும் வரும் 'கொர்' என்ற சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து வந்து நின்ற சித்தப்பா, பச்சை விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியின் வயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. ரிசீவரை வைத்து மறுபடி எடுத்தபோது 'கொர்' என்று உயிர் வந்திருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "லைட்டு கூடுதலா இழுத்துட்டு. இம்புட்டு கரண்டு போனா, ரிசீவர எடுத்துட்டாங்கன்னு எக்சேஞ்சுக்காரன் நெனைச்சுக்கிடுவான். கூப்புடுதவங்களுக்கு எங்கேஜுதான் கேக்கும்."

"அப்பம் அத்தன நாளும்?" என்றாள் அம்மா.

போனைத் தொடக்கூடாது என்று அத்தனை கவனமாக இருந்ததால்தான் அது செத்துக் கிடந்ததை யாரும் அறியவில்லை. சித்தப்பா அத்தையைப் பார்க்காமல், "யக்கா, என்னால ஒன் காரியம் கெட்டுப்போச்சுன்னா…" என்று ஆரம்பித்தார். முடிக்க வரவில்லை. பெரிய ஆம்பளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் கெட்டுப்போவல. எந்திரிலே. பூத்துல போய் ஒரு போன் போடு, அடிக்குதான்னு பாப்போம்" என்றாள் அத்தை.

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினார். அப்பா கால் கழுவப் பின்பக்கம் போனார். அம்மா அடுப்படிக்குப் போனாள். போன் பக்கத்தில் அத்தையும் நானும் மட்டும்.

மணி அடித்தது. எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட சத்தம், எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கூப்பிடுவது சித்தப்பாதானே என்று அத்தையே எடுத்தாள். "கேக்குதுலே, நல்லாக் கேக்குது, வையி" என்றாள் சிரித்துக்கொண்டே. அப்புறம் சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ஆமாங்க, நாந்தான். தம்பின்னு நெனைச்சிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

அந்தப் பக்கம் பேச்சு நீண்டது.

"இல்லீங்க, யாரும் எடுத்துக் கீழ வைக்கலீங்க. போனு ரிப்பேராக் கெடந்துருக்கு. எங்களுக்கே இப்பந்தான் தெரியும்."

மறுபடி நீண்டது. அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நேத்தைக்கா? பூ வச்சாச்சா?… அய்யோ, நீங்க என்ன செய்வீக, அத்தன தடவ பண்ணிருக்கீக… பொண்ணு எந்த ஊரு?… வத்திராயிருப்பா. நல்லதுங்க. சந்தோசமா இருங்க… அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா? கேட்டேன்னு சொல்லுங்க… எங்க வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன். நீங்க திருப்பிப் பண்ண வேண்டாம். வச்சிருதேங்க."

ரிசீவரை வைத்த பிறகும் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"யாரு, தம்பியா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா.

"ராங் நம்பரு, மதினி."

எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கூப்பிடுவது யாரென்று சொல்லக்கூடியது எங்கள் வீட்டில் பெட்டி ஒன்றுதான். அது வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அத்தை ராங் நம்பர் என்றால் ராங் நம்பர்தான். யாரோ ஒருவருக்கு வத்திராயிருப்பில் பெண் நிச்சயமாகியிருக்கிறது, அதைத் தவறான வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்கிறார், அத்தை அவரை வாழ்த்துகிறாள். உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குப் பூரிப்பாக இருந்தது. மணி மறுபடி அடித்தது. இந்த முறை சித்தப்பாதான். அத்தை என்னை எடுக்கச் சொன்னாள்.

சித்தப்பா ஓடியே வீட்டுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முகம் தெளிந்திருந்தது. "சரியாயிட்டு! ஆடி பொறக்க இன்னும் நாள் கெடக்கு. அவிய பண்ணாம எங்க போயிருவாக? பண்ணட்டும், நாள் குறிச்சிருவோம்" என்றார். அம்மாவுக்கும் நம்பிக்கை திரும்பி, கடவுளைக் கும்பிட்டுக்கொண்டாள்.

அவர்கள் பண்ணவில்லை. ஆடி பிறந்தது. வாய் வார்த்தைக்குக்கூட ஒரு போன் பண்ணாத ஜனம் என்று எங்கள் வீட்டில் அந்தப் பால்கோவாக்காரரை ரொம்ப நாள் திட்டினார்கள். அதிகமாகத் திட்டியவர் சித்தப்பா. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சித்தப்பா அதற்கப்புறம் ஒரு ஸ்குரு டிரைவரைத் தொட்டிருக்கமாட்டார். அத்தைக்கு இரண்டு வருஷம் கழித்துச் சங்கரன்கோவில் பக்கம் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு வந்த போன் யாருடையது என்று சித்தப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

அது அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டியது. அன்று பூத்திலிருந்து ஓடிவந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டே, "நான் போட்டப்பம் மொதல்ல எங்கேஜு வந்துச்சே, யாரு பேசுனா?" என்று கேட்டார்.

"ராங் நம்பரு சித்தப்பா!" என்று நான் முந்திக்கொண்டேன். "ராங் நம்பர்கிட்டக்கூட அத்தை எம்புட்டு நல்லாப் பேசுனா தெரியுமா? அவிய அம்மாவுக்குக்…"

அத்தை பின்னாலிருந்து என் தோளை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. நான் இவ்வளவு புகழ்ந்ததில் அத்தைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பேச்சை விட்டுவிட்டு அவள் வயிற்றில் சாய்ந்துகொண்டேன்.